காதைக் கிழிக்குதா கூத்துப் பாட்டு? காரணம் இதுதான்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பசங்களுக்கு கானா தெரியும், ராப் தெரியும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தின் இசை? 'தாத்தா காலத்து சமாச்சாரம்'னு பலர் தாண்டிப் போயிடுறாங்க.

16 வயசில் முதல்முறை நின்னு கேட்கிறவர் காதில் சட்டென ஏறுவது முகவீணை. பேரில்தான் வீணை, உண்மையில் இது நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரியான ஊதுகருவி. குரல் உச்சத்தில் இருக்கும். மைக் இல்லாத காலத்தில், திறந்தவெளியில் கடைசி வரிசை வரை கேட்கணுமே! கூத்துக்காரர்கள் மேல் சுருதியில் பாடுவதும் அதனால்தான்.

வேஷம் கட்டியவரே பாடி ஆடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதே வரியைத் திருப்பிப் பாட, அவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். மிருதங்கமும் தாளமும் கூடவே ஓடும்.

இப்போது ஆர்மோனியம் மட்டும் வைத்து, முகவீணை இல்லாமலே நடக்கும் கூத்துகளும் உண்டு. கேட்க ஆள் இருந்தால்தான் கத்துக்க ஆள் வரும். அடுத்த திருவிழாவில் வண்டியை ஓரங்கட்டி, அரை மணி நேரம் நின்னு பாருங்க.