ராணியைக் கண்டவர், வீடு காணாதவர்!

1954-ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கு ராணி இரண்டாம் எலிசபெத் வந்திருந்தார். அவருக்கு ஒரு மனிதரை அறிமுகம் செய்து வைத்தார்கள்.

கறுத்த மேனி. நெடிய உருவம். பாலைவனத்தில் பிறந்த பழங்குடி மனிதர் அவர். பெயர், ஆல்பர்ட் நமட்ஜிரா. புகழ்பெற்ற ஓவியர்.

ராணியைச் சந்திக்கும் பெருமை அவருக்குக் கிடைத்தது. ஆனால், சொந்தப் பணத்தில் நகரத்தில் ஒரு வீடு கட்டிக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை!

ஏன் இந்தக் கொடுமை?

ஒட்டகம் ஓட்டியவர்

ஆஸ்திரேலியாவின் நடுவே செம்மண் பாலைவனம் இருக்கிறது. அங்கே ஹெர்மான்ஸ்பர்க் என்ற ஊரில், பாதிரிமார் நடத்திய குடியிருப்பில், 1902-ல் ஆல்பர்ட் பிறந்தார். அரண்டா என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர்.

ஆல்பர்ட் செய்யாத வேலை இல்லை. மாடு மேய்த்தார். ஒட்டகம் ஓட்டினார். தச்சு வேலையும் கொல்லு வேலையும் செய்தார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மரத்தில் சூடு போட்டு, உருவங்கள் வரைந்து விற்றார்.

1934-ல் ரெக்ஸ் பாட்டர்பி என்ற வெள்ளைக்கார ஓவியர் தம் படங்களை அந்த ஊரில் காட்சிக்கு வைத்தார். ஆல்பர்ட் பார்த்தார். தாம் பிறந்த மலைகள் காகிதத்தில் நிற்பதைக் கண்டு வியந்தார். தாமும் வரைய வேண்டும் என்ற ஆசை பிறந்தது.

1936-ல் பாட்டர்பி மீண்டும் வந்தார். ஆல்பர்ட் அவருக்கு ஒட்டகம் ஓட்டினார். அதற்குப் பதிலாக நீர்வண்ணத்தில் படம் வரையக் கற்றுக்கொண்டார். படித்த காலம் இரண்டே மாதம்தான்!

1938-ல் மெல்போர்ன் நகரில் அவருடைய ஓவியக் காட்சி நடந்தது. வைத்த படங்கள் 41. அத்தனையும் விற்றுப்போயின!

ஊதா நிற மலைகள், சிவந்த பாறைகள், வெள்ளை வெளேரென்ற அடிமரங்கள். இவைதான் அவர் படங்கள். அவற்றின் அச்சுப் பிரதிகள் வீட்டுக்கு வீடு சுவரில் தொங்கின.

சட்டம் தடுத்தது

பணம் வந்தது. ஆல்பர்ட் அதைப் பூட்டி வைக்கவில்லை. ஒருவர் சம்பாதித்தால் உற்றார் உறவினர் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பது அரண்டா மக்களின் வழக்கம். வந்த பணம் வந்தவர்களுக்கெல்லாம் போயிற்று.

மாடு வளர்க்க நிலம் குத்தகைக்குக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வீடு கட்ட விரும்பினார். பழங்குடியினர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று சட்டம் தடுத்தது. நாடறிந்த ஓவியர் ஊருக்கு வெளியே குடிசையில் வாழ்ந்தார். ஆனால், வருமான வரி மட்டும் கட்ட வேண்டியிருந்தது!

1957-ல் ஆல்பர்ட்டுக்கும் மனைவி ரூபினாவுக்கும் முழுக் குடியுரிமை கிடைத்தது. பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. இனி ஆல்பர்ட் மது வாங்கலாம். ஆனால், உறவினருக்குக் கொடுத்தால் குற்றம்!

பகிர்ந்து உண்பது குலவழக்கம். பகிர்ந்தால் சிறை என்றது சட்டம். ஆல்பர்ட் எதற்குக் கட்டுப்படுவார்?

1958-ல் உறவினர் ஒருவருக்கு மது கொடுத்ததாக வழக்கு வந்தது. ஆறு மாதத் தண்டனை. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மேல்முறையீட்டில் தண்டனை மூன்று மாதமாகக் குறைந்தது. இரண்டு மாதம் காவலில் இருந்துவிட்டு, மனம் உடைந்து திரும்பினார். 1959 ஆகஸ்டு 8-ந் தேதி காலமானார். வயது 57.

படங்கள் யாருக்குச் சொந்தம்?

இறந்த பிறகும் அநீதி தொடர்ந்தது. 1983-ல் அவருடைய படங்களின் பதிப்புரிமையை அரசாங்க அதிகாரி ஒரு கம்பெனிக்கு 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். குடும்பத்தாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாத்தா வரைந்த படத்தை அச்சிட, பேரப்பிள்ளைகளுக்கு உரிமை இல்லை!

குடும்பத்தார் சோர்ந்துவிடவில்லை. பல ஆண்டுகள் போராடினார்கள். 2017-ல் உரிமை அவர்களுடைய அறக்கட்டளையின் கைக்கு வந்தது.

ஆஸ்திரேலியாவில் உருவப்படம் வரைவோருக்கு ஆர்ச்சிபால்ட் என்ற பெரிய பரிசு உண்டு. 1956-ஆம் ஆண்டுக்கான பரிசு, ஆல்பர்ட்டின் உருவத்தை வரைந்த வில்லியம் டார்கி என்ற வெள்ளைக்காரருக்குக் கிடைத்தது.

2020-ல் அதே பரிசை வென்றவர் யார் தெரியுமா? வின்சென்ட் நமட்ஜிரா. ஆல்பர்ட்டின் கொள்ளுப்பேரன்! அந்தப் பரிசைப் பெற்ற முதல் பழங்குடி ஓவியர் அவரே.