எத்தனை நாள் வரை தற்காலிகம்?



ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின் சகோதரர் ஒருவர் அறைவீட்டிற்கு வந்தார். ஏழு ஆண்டுகளாக ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவர். "சாமி, நானும் பெர்மனன்ட் ஆளும் ஒரே மிஷினில்தான் நிற்கிறோம். அவருக்குச் சம்பளம் இரண்டு மடங்கு. கேட்டால், நீ டெம்பரரிதானே என்கிறார்கள்" என்றார். அவருக்காகச் செபித்து அனுப்பினேன். சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கே தெரியவில்லை. பின்பு விசாரித்து அறிந்ததைப் பகிர்ந்துகொள்கிறேன்.

தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழில் நிறுவனத்தில், 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து பணி செய்த தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நோய், விபத்து, அனுமதி பெற்ற விடுப்பு போன்றவற்றால் வேலை தடைபட்டாலும் பணித்தொடர்ச்சி அறுவதில்லை. பருவகாலத் தொழில்களுக்கு இது பொருந்தாது. ஒப்பந்ததாரர் வழியாகச் சேர்ந்தவர் உண்மையில் யாருடைய தொழிலாளர் என்பது தனி வழக்காகிவிடும்.

நிரந்தரம் ஆகாதவர்களுக்கும் உரிமைகள் உண்டு. சட்டம் பொருந்தும் நிறுவனங்களில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இவர்களுக்கும் உரியவை. ஒப்பந்ததாரர் கட்டத் தவறினால் வேலை வாங்கும் நிறுவனமே பொறுப்பு. தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு விடுப்பு உண்டு என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே வேலை செய்யும் தற்காலிக அரசுப் பணியாளருக்கும் சம ஊதியக் கோட்பாடு பொருந்தும் என்று 2016-இல் கூறியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட காலத்திற்கு நியமிக்கப்பட்டவர் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை பெறலாம்.

அரசுப் பணியில் நிலைமை வேறு. முறையான தேர்வின்றிச் சேர்ந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆனால், நிலையான வேலையைப் பல்லாண்டுகள் வாங்கிக்கொண்டு அதே தீர்ப்பைக் காட்டி ஏழைகளை வெளியேற்றக் கூடாது என்று 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் துப்புரவுப் பணியாளர்களும் ஒரு தோட்டப் பணியாளரும்.

எனவே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வருகை அட்டை, பி.எஃப். எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வேலை நாட்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகத் தயங்காதீர்கள்.

நம் தமிழகச் சட்டம் பிறந்த அதே 1981-இல்தான் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். நியாயமான ஊதியத்தோடு ஓய்வு, மருத்துவ உதவி, முதுமைக் காலப் பாதுகாப்பு ஆகியவையும் தொழிலாளரின் உரிமைகள் என்று அதில் கற்பித்தார். ஆண்டவர் சொன்ன திராட்சைத் தோட்ட உவமையில், கடைசி மணி நேரத்தில் வந்தவரும் ஒரு நாள் முழுவதற்கான கூலியோடுதான் வீடு திரும்பினார். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?

அந்தச் சகோதரர் போனபின் எங்கள் பங்கின் கணக்கேட்டைப் புரட்டினேன். எங்கள் கோயில்பிள்ளை 14 ஆண்டுகளாக 'இப்போதைக்கு' என்ற பெயரில் வேலை செய்கிறார். நியமனக் கடிதம் இல்லை, சேமநிதி இல்லை. 480 நாள் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று நான் வாதிடலாம். ஆனால் நீதி கட்டுப்படுத்துமே! அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் முதல் பொருள் அதுதான்.

உங்கள் வீட்டில், கடையில், நிறுவனத்தில் 'இப்போதைக்கு' வேலை செய்பவர் யார்? எத்தனை ஆண்டுகளாக? இன்று அமர்ந்து எண்ணிப் பார்ப்போம்.