சின்னத் தொலைநோக்கியில் பெரிய கோள்கள்

கோள்கள் எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் வானில் அவை பிடிக்கும் இடம் மிகச் சிறியது. வானத்துக் கோணங்களை அளக்க ஒரு பாகையை 60 கலையாகவும், ஒரு கலையை 60 விகலையாகவும் பிரிப்பது வழக்கம். முழுநிலவின் விட்டம் அரைப் பாகை, அதாவது சுமார் 1,800 விகலை. வியாழன் பூமியை நெருங்கி வரும் காலத்திலும் 45 முதல் 50 விகலைதான். 100 மீட்டர் தள்ளி நின்று ஒருவர் காட்டும் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு அது. சனியின் உருண்டை 20 விகலை; செவ்வாய் 4-க்கும் 25-க்கும் இடையில் ஏறி இறங்கும்; யுரேனஸ் ஏறத்தாழ நான்குதான். மனிதக் கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ 60 விகலை என்பதால், வெறுங்கண்ணுக்கு இவை எல்லாமே ஒளிப்புள்ளிகள்தான்.

புள்ளியை வட்டமாக்க அதிக உருப்பெருக்கம் வேண்டியதில்லை. 40 மடங்கு பெருக்கினாலே வியாழன், வெறுங்கண்ணில் நிலா தெரியும் அளவுக்கு வந்துவிடும். கடைகளில் விற்கும் 60 மி.மீ. தொலைநோக்கியின் அட்டைப்பெட்டியில் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. அந்த உருப்பெருக்கத்தில் கிடைப்பது இருண்டு கலங்கிய ஒரு பிசிறுதான். முகப்பு லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதன் இரு மடங்குக்கு மேல் உருப்பெருக்கம் போனால் புதிதாக எதுவும் தெரியாது, 60 மி.மீ. கருவிக்கு 120 மடங்கே உச்சம்.

நுணுக்கத்தைத் தீர்மானிப்பது அந்த விட்டம்தான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் ரட்டர் டாஸ், இரட்டை விண்மீன்களைப் பார்த்துப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். 116-ஐ முகப்பு விட்டத்தின் மில்லிமீட்டரால் வகுத்தால், அக்கருவி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய கோணம் விகலையில் கிடைக்கும். 60 மி.மீ. என்றால் 1.9, 100 மி.மீ. என்றால் 1.2 விகலைக்குச் சற்றே குறைவு.

இந்தக் கணக்கைக் கெடுப்பது காற்று. வெப்பநிலை மாறுபட்ட காற்றடுக்குகள் ஒன்றோடொன்று கலக்கும்போது கோளின் விளிம்பு கொதிப்பதுபோல் துடிக்கும். மழை விட்டதும் விண்மீன்கள் கண்சிமிட்டும் துல்லியமான இரவு, கோள்களுக்குப் பெரும்பாலும் மோசமான இரவு. காற்றசைவே இல்லாமல் லேசாகப் புழுங்கும் மங்கலான இரவில் வியாழன் அசையாமல் நிற்கும். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடி முன்னிரவில் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதைவிட மண்தரையோ புல்தரையோ மேல். தொலைநோக்கியையும் அரைமணி நேரமாவது வெளியில் வைத்துக் காற்றின் சூட்டுக்குப் பழக விடவேண்டும். குளிர்சாதன அறையிலிருந்து கடற்கரை ஊரின் ஈரக்காற்றுக்கு எடுத்து வந்தால், லென்ஸில் ஆவி படிந்து பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது.

கோள் வானில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் ஒளி கடக்கும் காற்று குறையும். இந்த வகையில் தமிழ்நாடும் இலங்கையும் கொடுத்து வைத்தவை. 2018-இல் செவ்வாய் மிக அருகில் வந்தபோது லண்டனில் அது சுமார் 13 பாகை உயரத்தைத் தாண்டவில்லை. சென்னையில் 50 பாகைக்கு மேல் ஏறியது.

பைனாகுலரில் ‘10×50’ என்றிருந்தால் உருப்பெருக்கம் 10 மடங்கு, முகப்பு விட்டம் 50 மி.மீ. கையில் பிடித்தால் நடுக்கமே பாதி விவரத்தைத் தின்றுவிடும். முக்காலியில் பொருத்தினாலோ, மதில்மேல் முழங்கையை ஊன்றினாலோ வியாழனின் நான்கு பெரிய நிலவுகளையும் தேடலாம். கேனிமீடும் கலிஸ்டோவும் எளிது. வியாழனைவிட்டு அதிகம் விலகாத அயோ பெரும்பாலும் அதன் ஒளியில் மறைந்துவிடும். மறுநாள் பார்த்தால் வரிசை மாறியிருக்கும். சனி இதில் நீள்வட்டப் பொட்டாகத் தோன்றும். வளையம் தனித்துத் தெரிய 25 மடங்காவது வேண்டும். பைனாகுலர் அதிகம் பயன்படுவது வெள்ளிக்குத்தான். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வரும் வாரங்களில் அதன் விட்டம் 50 விகலைக்கு மேல் வளர்ந்து மெல்லிய பிறையாகிவிடும். பத்து மடங்கில் அந்தப் பிறை தெளிவாகத் தெரியும். இருட்டும்வரை காத்திருந்தால் கண் கூசும், அந்தி வெளிச்சத்திலேயே பார்ப்பது நல்லது. சூரியன் முழுதாக மறைந்த பிறகே கருவியை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும்; லென்ஸ் வழியே ஒரு நொடி சூரியன் பட்டாலும் பார்வை போய்விடும்.

தொலைநோக்கிக்கு அதிகம் தீனி போடுவது வியாழன். 60 மி.மீ. கருவியில் நடுக்கோட்டின் இருபுறமும் இரண்டு பழுப்புப் பட்டைகள் தெரியும். கோள் பக்கவாட்டில் பருத்திருப்பதையும் கண் கவனிக்கும். பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிக்கும் வேகத்தில் அதன் இடுப்பு பிதுங்கியிருக்கிறது. 100 மி.மீ.க்கு மேல் போனால் பட்டைகளின் ஓரம் நேர்கோடு அல்ல, மேடு பள்ளமும் முடிச்சுமாக இருப்பது புலப்படும். பெருஞ்சிவப்புப் புள்ளி, படங்களில் வருவதுபோல் செக்கச் சிவப்பாக இருக்காது. தெற்குப் பட்டையில் ஒரு குழிவு, அதற்குள் வெளிறிய ஒரு நீள்வட்டம், அவ்வளவே. 19-ஆம் நூற்றாண்டில் 40,000 கி.மீ. அகலம் இருந்த அந்தப் புயல் இப்போது அதில் பாதிகூட இல்லை. அந்தத் தெற்குப் பட்டையுமே நிரந்தரமல்ல. 2010-இல் அது வெளுத்துக் காணாமல் போய், பிறகு திரும்பி வந்தது. நிலவுகளின் நிழல் வியாழனின்மேல் ஊர்ந்து செல்லும் நேரத்தை வானியல் செயலிகள் முன்கூட்டியே சொல்கின்றன. நிழலின் அகலம் ஒரு விகலை அளவே. ஆனாலும் பளிச்சென்ற பரப்பில் கன்னங்கரிய புள்ளி என்பதால் 75 மி.மீ. கருவிக்கே அகப்பட்டுவிடும்.

சனியின் வளையம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 1610-இல் சனிக்கு இருபுறமும் காதுபோல் எதையோ கண்ட கலிலியோ, 1612-இல் அவை மறைந்ததைக் கண்டு குழம்பினார். வளையம் அப்போது பூமிக்கு விளிம்பைக் காட்டி நின்றிருந்தது. கோளைத் தொடாத மெல்லிய தட்டை வளையம் அது என்று வானியலாளர் ஹைகன்ஸ் 1659-இல் விளக்கினார். சனி சூரியனைச் சுற்றும் 29½ ஆண்டுகளில் இருமுறை இப்படி விளிம்பு திரும்பும். 2025 மார்ச்சில் அது நடந்தது. இனி 2032 வரை வளையம் ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போகும்.

வளையம் விரியும்போது, அதை இரண்டாகப் பிரிக்கும் கரிய கோட்டைத் தேடலாம். வானியலாளர் காசினி 1675-இல் கண்ட இந்த இடைவெளி சுமார் 4,800 கி.மீ. அகலம், பூமியிலிருந்து முக்கால் விகலை. டாஸின் கணக்குப்படி 80 மி.மீ. கருவிக்கு இது எட்டக்கூடாது. ஆனால் எட்டுகிறது. அந்தக் கணக்கு இரண்டு ஒளிப்புள்ளிகளுக்கானது. வெள்ளைப் பரப்பில் நீண்டு ஓடும் கறுப்புக் கோட்டைக் கண் அதைவிட எளிதில் பிடிக்கும். காற்று அமைதியான இரவில், வளையத்தின் இரு கோடிகளில் முதலில் தெரியும்.

இந்த இரண்டு வளையங்களுக்கும் உட்புறமாக மங்கலான மூன்றாவது வளையம் ஒன்று உண்டு. 1850-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் வானியலாளர் பாண்டும், இங்கிலாந்தில் அதே டாஸும் அதைக் கண்டார்கள். 1852-இல் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் இயக்குநர் கேப்டன் ஜேக்கப், சுமார் ஆறங்குல லென்ஸ் கொண்ட தொலைநோக்கியில் பார்த்து, அந்த வளையத்தின் ஊடே சனியின் விளிம்பு தெரிவதைக் கவனித்தார். வளையம் கெட்டியான தகடு அல்ல என்பதற்கு அது ஒரு சான்று. மால்டா தீவிலிருந்து வானியலாளர் லாசலும் ஏறத்தாழ அதே சமயத்தில் இதையே கண்டார். அந்த ஆண்டு சனி சென்னைக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வந்து போனது ஜேக்கப்புக்கு வாய்த்த வசதி. ஆறங்குலக் கருவியை இன்று பொழுதுபோக்காகப் பார்ப்பவர்களே வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்குப் பொறுமை தேவை. 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் நெருங்கி வரும். அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அல்ல. 2003-இல் 25 விகலை. 2027 பிப்ரவரியில் 14-ஐ எட்டாது. 2035 செப்டம்பரில் மீண்டும் 24-க்கு மேல். வெண்ணிறத் துருவத் தொப்பியும், ஹைகன்ஸ் 1659-இலேயே வரைந்த சிர்டிஸ் மேஜர் என்ற கரும்பகுதியும் சிறிய கருவிகளுக்குக் கிடைப்பவை. அதற்கு மேல் தேடும் கண் இல்லாததையும் கண்டுவிடும். 1877-இல் வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயின் படத்தில் வரைந்த கோடுகளை, இன்னொரு வானியலாளரான லோவெல் கால்வாய்கள் என்றே நம்பி, வெட்டியவர்களையும் கற்பனை செய்தார். 1909-இல் பாரிஸை அடுத்த மூதோனில் 83 செ.மீ. தொலைநோக்கியில் வானியலாளர் அன்டோனியாடி பார்த்தபோது, கோடுகள் சிதறிய திட்டுகளாகப் பிரிந்துவிட்டன. தனித்தனிப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்குவது கண்ணின் பழக்கம்.

பழகாத கண்ணுக்கு முதல் நாள் எந்தக் கோளும் வெறும் வட்டமாகவே தெரியும். காற்று ஓரிரு நொடி அடங்கும்போது மட்டும் விவரம் பளிச்சிட்டு மறையும்; அதற்காகக் கண்ணருகு லென்ஸில் கால் மணி நேரமாவது கண்ணை வைத்திருக்க வேண்டும். பென்சிலால் வரைந்து பார்ப்பவருக்கு, வரையாதவரைவிட அதிகம் தெரியும். கோளைக் காணொளியாக எடுத்து, அந்த அமைதி நொடிகளின் படங்களை மட்டும் பொறுக்கி அடுக்கும் மென்பொருள்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

மற்றக் கோள்களில் விவரம் குறைவு. புதன் தொடுவானை ஒட்டியே நிற்பதால், அதன் பிறை வடிவம் தெரிந்தாலே நல்ல இரவு. யுரேனஸை 100 மடங்கில் பார்த்தால் நீலப்பச்சையான சிறு வட்டம். நெப்டியூனைப் பைனாகுலரில் கண்டுபிடிக்க வான்வரைபடம் வேண்டும், 2.3 விகலை அகலத்தில், பெரிய கருவியில்கூட அது லேசாக நீலம் பூத்த மிகச் சிறு வட்டமே.