பனிமலைப் பயணமும் பனியறிவும்

ஐரோப்பாவின் நடுவே நெடிதுயர்ந்து நிற்பது ஆல்ப்ஸ் மலைத்தொடர். குளிர்காலத்தில் அதன் சரிவுகள் வெண்பனி போர்த்து விளங்கும். அக்காலத்து ஸ்கீ என்னும் நீண்ட சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டி, ஆளரவமற்ற மலைகளில் ஏறி இறங்குவோர் பலர். ஏறுங்கால் கட்டைகளின் அடியில் மயிர்ப்பட்டை ஒன்றை ஒட்டுவர். அதன் மயிர் பின்னோக்கிப் படிந்திருத்தலால், கட்டை முன்னே செல்லும்; பின்னே வழுக்காது.

காண்டற்கினிய இவ்வெண்பனியுள் பேரிடர் ஒன்று மறைந்துள்ளது. அதுவே பனிச்சரிவு. சுவிட்சர்லாந்தில் 1950-51 குளிர்காலத்தில் மட்டும் 98 பேர் இதற்கு இரையாயினர்.

பனிச்சரிவு நிகழுமாறு எங்ஙனம்? பனி ஒரே நாளிற் பெய்து அமைவதன்று. சுவடியின் ஏடுகள்போல அடுக்கடுக்காகப் படிவது. பனிப்படலம் மெல்லியதாகவும் மேற்காற்று கடுங்குளிராகவும் இருப்பின், அடியிலுள்ள பனித்துகள்கள் சர்க்கரைப் பரல்போல் உருமாறி, ஒன்றையொன்று பற்றாது கிடக்கும். அதன்மேல் காற்றுக் குவித்த பனி பலகைபோல் இறுகிப் படியுமாயின், அப்பலகை உறுதியான பற்றுக்கோடின்றி நிற்கும். ஒருவர் கால் வைத்த அளவிலே அடியடுக்கு நொறுங்கப் பலகை முழுதும் பெயர்ந்து பாயும். பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளிலேயே இது நிகழும்.

ஆதலின் அறிவுடையோர் புறப்படுமுன் இடர் அறிக்கையைப் படிப்பர். ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் இடரை ஐந்து படிகளாக வகுத்துரைக்கின்றன. சுவிட்சர்லாந்தில் டாவோசு நகரிலுள்ள பனி ஆராய்ச்சி நிலையம் இவ்வறிக்கையை வெளியிடுகின்றது. மலையிலும் அவர்கள் கண்ணையும் செவியையும் திறந்தே செல்வர். அண்மையில் சரிந்த பனி, காலடியில் ஓடும் வெடிப்பு, உள்ளே அமுங்கும் ஓசை ஆகியன அபாயக் குறிகள். குழி தோண்டி அடுக்குகளையும் சோதிப்பர். கைமுட்டி எளிதிற் புகும் அடுக்கு மிக மென்மையானது. கத்தி மட்டுமே புகுவது மிகக் கடியது. எனினும், ஒரு குழி மலை முழுமைக்கும் சான்றாகாது.

புதையுண்டவரைக் கால் மணி நேரத்துள் மீட்டல் இன்றியமையாதது. தாழ்ப்பின் மூச்சடைத்து மாள்வர். ஆகவே ஒவ்வொருவரும் குறியலை பரப்பும் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் உடன்கொள்வர், தனித்துச் செல்லார்.

உச்சி கண்ணெதிரே தோன்றும், ஆர்வமும் உந்தும். எனினும் பனி தரும் குறிகள் தீயனவாயின், அவ்விடத்தே திரும்புதல் கோழைமை ஆகாது. மலை நாளையும் நிற்கும். உயிர் போயின் மீளாது. இதனை உணர்ந்து திரும்புவோரே மலையை உண்மையில் அறிந்தோர் ஆவர்.