வரவிருக்கும் மாதிரியும் இருக்கும் சந்தையும்: திறன்பேசிப் போட்டியில் ஊகத்தின் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

திறன்பேசி நிறுவனங்களுக்கிடையிலான போட்டி, விற்பனைக்கு வந்துவிட்ட கருவிகளுக்கு இடையில் மட்டும் நிகழ்வதில்லை. இன்னும் வெளிவராத மாதிரிகளைப் பற்றிய ஊகங்களும் அப்போட்டியில் பங்குபெறுகின்றன. அவ்வூகங்கள் வாங்குவோரின் முடிவையும் நிறுவனங்களின் திட்டத்தையும் மாற்றும் முறையை மூன்று நிகழ்வுகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. அவற்றைத் தமிழில் எடுத்துரைக்கும் செய்தி மொழியின் இயல்பும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திறன்பேசி, ஊகம், முன்னறிவிப்பு, சந்தைப் போட்டி, செய்தி மொழி, செயப்பாட்டுவினை.

முன்னுரை

ஆப்பிள் நிறுவனம் 2007 சனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்தியது. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் அமைந்த முதல் திறன்பேசி 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. 2010இல் சாம்சங் நிறுவனத்தின் கேலக்சி எஸ் வரிசை தொடங்கியது. அதன்பின், ஆண்டுக்கு ஒருமுறை முதன்மை மாதிரி ஒன்றை வெளியிடும் வழக்கம் இத்துறையில் நிலைபெற்றது. 2012 முதல் புதிய ஐபோன்கள் பெரும்பாலும் செப்டம்பர் மாதத்திலும், கேலக்சி எஸ் வரிசை ஆண்டின் முற்பகுதியிலும் அறிவிக்கப்பட்டு வருகின்றன. வெளியீட்டுக் காலம் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், கருவியின் வடிவம், விலை, ஒளிப்படக்கருவி, மின்கலத் திறன் ஆகியவையே மறைபொருளாக எஞ்சுகின்றன. அவற்றைப் பற்றிய ஊகம் ஆண்டு முழுவதும் செய்தியாகிறது. இவ்வூகம் பொழுதுபோக்குச் செய்தி மட்டுமன்று. சந்தையில் விளைவை உண்டாக்கும் ஒரு காரணி என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஊகம் பிறக்கும் இடங்கள்

திறன்பேசி ஒன்று ஒரே ஆலையில் உருவாவதில்லை. திரை, சில்லு, மின்கலம், ஒளிப்படக்கருவி ஆகியவற்றை வெவ்வேறு நிறுவனங்கள் வழங்குகின்றன. எனவே, அறிவிப்புக்குப் பல மாதங்களுக்கு முன்பே புதிய மாதிரியின் கூறுகளைப் பலர் அறிந்திருப்பர். உதிரிபாக வழங்குநர்களிடமிருந்து தகவல் திரட்டி ஆப்பிளின் திட்டங்களைக் கணித்துக் கூறும் மிங்-சி குவோ போன்ற பகுப்பாய்வாளர்கள் இதனாலேயே புகழ்பெற்றனர். உறை தயாரிப்போர் முன்னதாகவே அளவுகளைப் பெற முயல்வதும், அரசு ஒப்புதல் பட்டியல்களில் மாதிரி எண்கள் இடம்பெறுவதும் பிற வாயில்களாகும். இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற வேண்டும் என்பதால், அப்பட்டியலும் ஊகச் செய்திகளுக்கு ஆதாரமாகிறது. நிறுவனங்கள் தாமே வெளியிடும் மென்பொருளிலும் தடயங்கள் எஞ்சிவிடுவதுண்டு.

வாங்குவோரின் காத்திருப்பு

அடுத்த மாதிரி சிறந்ததாக இருக்கும் என நம்புபவர், இன்றைய மாதிரியை வாங்காமல் காத்திருப்பார். இவ்விளைவுக்கு ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்று பெயர். எடுத்துச் செல்லத்தக்க கணினியை 1981இல் வெளியிட்ட ஆஸ்போர்ன் நிறுவனம், அடுத்த மாதிரியை முன்கூட்டியே அறிவித்ததால் விற்பனை சரிந்து, 1983இல் நொடித்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. போட்டியாளர்களின் மலிவான கணினிகளும் மேலாண்மைக் குறைபாடுகளும் அவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்னும் மறுப்பும் உண்டு. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

திறன்பேசித் துறையில் இதற்குத் தெளிவான சான்று 2017இல் கிடைக்கிறது. ஐபோன் வெளிவந்து பத்தாண்டு நிறைவதையொட்டி, முற்றிலும் மாறுபட்ட மாதிரி வரும் என்னும் செய்திகள் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே பரவின. சனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் ஐபோன் விற்பனை, முந்தைய ஆண்டின் 5.12 கோடியிலிருந்து 5.08 கோடியாகச் சற்றே குறைந்தது. வருங்கால ஐபோன்களைப் பற்றி முன்னதாகவும் அடிக்கடியும் வெளியான செய்திகளால் வாங்குவோரிடம் தயக்கம் ஏற்பட்டதாகத் தாம் கருதுவதாக, அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் டிம் குக் அவ்வாண்டு மே மாதம் தெரிவித்தார். ஊகத்தின் விளைவை நிறுவனமே ஒப்புக்கொண்ட நிகழ்வு இது. எதிர்பார்க்கப்பட்ட ஐபோன் எக்ஸ் செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு நவம்பரில் விற்பனைக்கு வந்தது.

முன்னறிவிப்பும் இடைவெளியும்

ஆப்பிளுக்கு நேர்ந்தது சிறு தயக்கம். நோக்கியாவுக்கு நேர்ந்தது பெருஞ்சரிவு. 2011 பிப்ரவரி 11 அன்று, நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் ஈலோப், தம் நிறுவனத்தின் முதன்மைத் திறன்பேசிகள் இனி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் இயங்குதளத்தில் அமையும் என அறிவித்தார். அப்போது கடைகளில் இருந்தவை சிம்பியன் இயங்குதளக் கருவிகள். புதிய இயங்குதளத்தில் அமைந்த முதல் லூமியா மாதிரி அக்டோபர் இறுதியில்தான் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டு மாத காலம், எதிர்காலம் இல்லை என உரியவரே அறிவித்துவிட்ட கருவிகளை விற்க வேண்டிய நிலை ஏற்பட்டது. 2011இன் முதற் காலாண்டில் 2.42 கோடியாக இருந்த நோக்கியாவின் திறன்பேசி விற்பனை, இரண்டாம் காலாண்டில் 1.67 கோடியாகச் சரிந்தது. ஆண்ட்ராய்டு கருவிகளின் பெருக்கமும் இச்சரிவுக்குக் காரணமாகும். ஆனால், ஒரே காலாண்டில் நேர்ந்த இவ்வளவு விரைவான வீழ்ச்சியை முன்னறிவிப்பைத் தவிர்த்து விளக்குதல் அரிது.

நோக்கியா தன் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. விற்பனை 2014 ஏப்ரலில் நிறைவுற்றது. திருப்பெரும்புதூரில் 2006 முதல் இயங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்கின் காரணமாக அவ்விற்பனையில் சேர்க்கப்படவில்லை. மைக்ரோசாஃப்ட் கொள்முதல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதால் 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். ஆலை மூடலின் உடனடிக் காரணம் வரி வழக்கும் ஒப்பந்த முடிவுமே. எனினும், அங்கு உருவான கருவிகளுக்கான உலகச் சந்தை அதற்கு முன்பே சுருங்கியிருந்தது என்பதையும் கருத வேண்டும்.

போட்டியாளரை ஊகித்தல்

ஊகச் செய்திகளை வாங்குவோர் மட்டும் படிப்பதில்லை. போட்டி நிறுவனங்களும் கவனிக்கின்றன. 2016இல் வரவிருந்த ஐபோன் 7 பெரிய மாற்றங்கள் இன்றி அமையும் என்னும் செய்தி பரவியிருந்தது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தச் சாம்சங் தன் கேலக்சி நோட் 7 வெளியீட்டை விரைவுபடுத்தியது என ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது. ஆகஸ்டு 19 அன்று நோட் 7 விற்பனைக்கு வந்தது. மின்கலங்கள் தீப்பற்றியதால் செப்டம்பர் 2 அன்று சுமார் 25 இலட்சம் கருவிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியானது. மாற்றாக வழங்கிய கருவிகளும் தீப்பற்றவே, அக்டோபர் 11 அன்று உற்பத்தி கைவிடப்பட்டது. மின்கல வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்த குறைகளே காரணம் எனச் சாம்சங் 2017 சனவரியில் விளக்கியது. விரைவு அக்குறைகளை உண்டாக்கியது என இதனால் நிறுவ இயலாது. ஆயின், போட்டியாளரைப் பற்றிய ஊகம் ஒரு நிறுவனத்தின் கால அட்டவணைக்குள்ளும் நுழையக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

ஊகச் செய்தியின் தமிழ்

பிறர்வழி அறிந்ததைத் தெரிவிக்கத் தமிழில் ‘ஆம்’ என்னும் இடைச்சொல் உண்டு. ‘அடுத்த மாதம் வருமாம்’ என்பவர், அது தாம் கண்டறிந்ததன்று என்பதையும் உடன் உணர்த்திவிடுகிறார். செய்தி மொழி பெரும்பாலும் இவ்வுருபைத் தவிர்த்து, ‘கூறப்படுகிறது’, ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்னும் செயப்பாட்டுவினைகளைக் கையாள்கிறது. இவற்றில் கருத்தா மறைகிறது. கூறியவர் யார், எதிர்பார்ப்பவர் யார் என்பது தெரிவதில்லை. பேச்சு வழக்கின் ‘ஆம்’ ஐயத்தை வெளிப்படையாக ஏற்க, எழுத்து வழக்கின் செயப்பாட்டுவினை அதே ஐயத்திற்கு அறிக்கையின் தோற்றத்தைத் தருகிறது. ‘வரலாம்’, ‘வரும்’ ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாடும் தலைப்புகளில் அடிக்கடி மறைந்துவிடுகிறது. உதிரிபாக வழங்குநர் கூற்று, ஒப்புதல் பட்டியல், வெறும் விருப்பம் ஆகிய மூன்றும் ஒரே வினைமுற்றில் முடியும்போது, அவற்றின் நம்பகத்தன்மையைப் பிரித்தறிய வாசகருக்கு வழியில்லை.

முடிவுரை

வெளிவராத மாதிரியைப் பற்றிய கூற்று, வெளிவந்த மாதிரியின் விற்பனையைப் பாதிக்கிறது. அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையிலான காலம் நீளுந்தோறும் அப்பாதிப்பு மிகும் என்பதை நோக்கியாவின் சரிவு காட்டுகிறது. இன்று திருப்பெரும்புதூர்ப் பகுதியில் ஐபோன்கள் உருவாகின்றன. மூடப்பட்ட நோக்கியா ஆலையைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. எனவே, உலகச் சந்தையின் எதிர்பார்ப்புகள் உயர்வதும் தாழ்வதும் இப்பகுதித் தொழிலாளரின் வாழ்வோடு மீண்டும் தொடர்புடையவை ஆகின்றன. ஊகச் செய்திகளில் மறைந்துள்ள கருத்தாவை வெளிக்கொணர்ந்து, அவற்றின் மூலங்களை வகைப்படுத்தும் மொழியியல் ஆய்வு தமிழ் இதழியலுக்குப் பயன் தரும்.