மணிக்கட்டுக் குகை நோய்க்கான மீயொலி வழிகாட்டு ஊசி

மணிக்கட்டுக் குகை நோய்க்கான மீயொலி வழிகாட்டு ஊசி என்பது, மணிக்கட்டில் நெருக்கப்படும் நடு நரம்பின் அருகே, அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசிமுனையைப் பார்த்தவாறே ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தும் சிகிச்சை முறையாகும். இந்நோயை மருத்துவர்கள் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்பர்.

நோயின் தன்மை

மணிக்கட்டின் சிறு எலும்புகள் வளைந்து ஒரு வாய்க்கால் போல் அமைய, தடித்த குறுக்குத் தசைநார் அதன் கூரையாகிறது. இக்குகையினுள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் செல்கின்றன. தசைநாண்களின் உறை வீங்கினால் குகை விரிந்து கொடுப்பதில்லை; நரம்பே நசுங்குகிறது. கட்டைவிரல் முதல் மோதிரவிரலின் பாதி வரை மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பிவிடும். நள்ளிரவில் விழித்துக் கையை உதறுவது இந்நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம்.

நீரிழிவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, முடக்குவாதம், கருவுற்றிருத்தல் ஆகியன இந்நோய்க்கு வழிவகுக்கக்கூடும். கணினி விசைப்பலகையே முதற்காரணம் என்னும் நம்பிக்கை மென்பொருள் துறையினரிடம் வேரூன்றியுள்ளது. ஆனால் அதற்கான சான்றுகள் வலுவற்றவை. அதிரும் கருவிகளை இறுகப் பிடித்துச் செய்யும் வேலைக்கே வலுவான சான்றுகள் உண்டு. அவ்வகையில், தருமபுரி மாவட்டக் கருங்கல் குவாரிகளில் பாறை துளைப்போரின் கைகளே கூடுதல் கவனத்துக்கு உரியவை.

செயல்முறை

மணிக்கட்டின் குறுக்கே கருவியை வைத்தால் நடு நரம்பு தேன்கூடு போன்ற சிறு நீள்வட்டமாகத் தெரியும். விரல்களை அசைக்கச் சொன்னால் தசைநாண்கள் நன்கு நகரும். நரம்பு அவ்வளவாக நகராது. இவ்வாறு இரண்டையும் பிரித்தறியலாம். ஊசி பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து, அங்குள்ள தமனியைத் தவிர்த்து, நரம்பின் அருகே கொண்டு செல்லப்படுகிறது. மெத்தில்பிரட்னிசொலோன் 40 மி.கி. வழக்கமான அளவுகளுள் ஒன்று. திரையின்றி, மேலோட்டமான உடல் அடையாளங்களைக் கொண்டு ஊசியிடும் பழைய முறையும் வழக்கில் உள்ளது. மீயொலி முறை சற்று மேலானது எனச் சில ஆய்வுகள் காட்டினாலும், வேறுபாடு பெரிதன்று. நரம்பையும் தமனியையும் கண்ணால் பார்த்து விலக்க முடிவதே இதன் தெளிவான நன்மை.

பயனும் வரம்பும்

சுவீடனில் 111 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி பெற்றோருக்குப் பத்து வாரங்களில் தெளிவான நிவாரணம் தெரிந்தது. ஆயினும் ஓராண்டுக்குள் 80 மி.கி. பெற்றோரில் 73 விழுக்காட்டினரும், போலி மருந்து பெற்றோரில் 92 விழுக்காட்டினரும் அறுவை சிகிச்சை செய்துகொண்டனர். எனவே பலருக்கு இவ்வூசி தற்காலிகத் தீர்வே. கட்டைவிரல் அடிச்சதை மெலியத் தொடங்கியோர் ஊசியை நம்பி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் தவறு. நீரிழிவு உள்ளோருக்குச் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை உயரலாம். ஊசியிட்ட இடத்தில் தோல் வெளுப்பதும் உண்டு.

இந்தியாவில் சட்டநிலை

மணிக்கட்டைப் பார்க்கும் கருவியாயினும், கருவையும் காட்ட வல்லதாயின், அது 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும். சேலத்தில் 1992-இல் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் விரிவாக்கப்பட்ட மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று என்பதை எண்ணினால், இக்கண்டிப்பின் பின்னணி விளங்கும்.