செவிலியரும் சட்டமும்

“ஊசி போடத் தெரிந்தவருக்குச் சான்றிதழ் எதற்கு?” என்று ஆதிச்சநல்லூர் விவசாயிகள் நம்மைக் கேட்பதுண்டு. விதை வாங்கும்போது சான்றட்டையைப் பார்க்கும் நாம், உயிரை ஒப்படைக்கும்போது பாராதிருக்கலாமா?

முற்காலத்தில் மருத்துவச்சியின் அனுபவமே பிரசவத்திற்குத் துணையாயிருந்தது. அனுபவத்தோடு முறையான பயிற்சியும் வேண்டுமெனச் சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டு செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி பெற்றுத் தேறியோரைப் பதிவேட்டில் சேர்க்கிறது. ஒழுக்கம் தவறியோரை நீக்கவும் செய்கிறது. நாடெங்கும் பயிற்சி ஒரே தரத்தில் அமைய 1947-இல் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் பிறந்தது. அதற்கு மாற்றாகத் தேசிய ஆணையம் அமைக்கும் சட்டத்தை 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

சட்டம் தகுதியை வரையறுக்கிறது. தொழில்நெறி நடத்தைக்கு வழிகாட்டுகிறது. நோயாளியின் இரகசியத்தைக் காத்தலும், சாதி சமய வேறுபாடின்றித் தொண்டாற்றலும் அந்நெறியாகும்.

சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நியதி. அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கிறார். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார். சிக்கல் கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புவதும் அவர் கடமையே. பயிற்சியற்றவர் இவ்வெல்லையை அறியார். அந்தத் தாமதமே தாயின் உயிரைப் பறிக்கக்கூடும்.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்களே, நர்ஸ் எனக் கூறி வருவோரிடம் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். கேட்பது அவமதிப்பன்று, ஊருக்குச் செய்யும் காவலாகும்.